பூமியின் நாடி பார்த்தவர் – சார்லஸ் டார்வின்

டார்வின் என்றதும் நம்மில் பலருக்கு உடனே ஞாபகம் வருவது குரங்குதான். பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் வெள்ளைத்தாடி வைத்த ஒரு தாத்தா படம், பக்கத்தில் பரிணாமக் கொள்கை என்று ஒரு தலைப்பு, பரீட்சைக்கு அஞ்சு மார்க் கேள்வி ஒண்ணு. அதோடு ஆளை விட்டுவிடுகிறோம். ஆனால் நண்பர்களே, அந்தத் தாடி முளைப்பதற்கு ரொம்ப வருடம் முன்னால் இன்னொரு டார்வின் இருந்தார். வயது 26. கையில் சுத்தியல், முதுகில் பை. தென் அமெரிக்காவில் சிலி நாட்டுக் கடற்கரையில், கடலை விட்டு எங்கேயோ மேலே கிடந்த கிளிஞ்சல்களைப் பொறுக்கிக்கொண்டு அலைந்தவர். அந்த நாட்களில் அவர் தன்னை ஒரு ஜியாலஜிஸ்ட், அதாவது நிலவியல் அறிஞர் என்றே எண்ணிக்கொண்டார். யாரும் எழுதி வைக்காத பழைய பூகம்பங்களைப் பாறையிலும் சேற்றிலும் எப்படிப் படிப்பது என்று உலகத்துக்குக் காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அந்த டார்வினைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் சார்லஸ் ராபர்ட் டார்வின் பிறந்தார். அப்பா ராபர்ட் டார்வின் ஊரறிந்த டாக்டர், நல்ல வசதி. அம்மா சூசன்னா, பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர் போன வெட்ஜ்வுட் குடும்பத்துப் பெண். ஆறு பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. எட்டு வயதிலேயே அம்மாவை இழந்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் லத்தீனும் கிரேக்கமும் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், அது ஏறவே இல்லை. அண்ணன் எராஸ்மஸுடன் சேர்ந்து தோட்டத்துக் கொட்டகையில் கெமிஸ்ட்ரி சோதனை செய்துகொண்டிருந்ததால் பையன்கள் வைத்த பட்டப்பெயர் 'கேஸ்'. நாய், துப்பாக்கி, எலி பிடிப்பது தவிர வேறு எதிலும் அக்கறை இல்லாதவன், குடும்பத்துக்கே அவமானம் என்று அப்பா ஒருமுறை திட்டித் தீர்த்திருக்கிறார். பெரிய மனிதர்களும் வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறார்கள் என்பதைப் படிக்கும்போது நமக்கு ஒரு ஆறுதல்தான்!

1825-ல் டாக்டருக்குப் படிக்க எடின்பரோவுக்கு அனுப்பினார் அப்பா. மயக்க மருந்து கண்டுபிடிக்காத காலம் அது. ஒரு சின்னக் குழந்தைக்கு நடந்த ஆபரேஷனைப் பார்க்க முடியாமல் பாதியில் வெளியே ஓடி வந்தவர், அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை. இன்னொரு வேடிக்கை பாருங்கள். அங்கே ஜேம்சன் என்ற பேராசிரியர் நிலவியல் பாடம் எடுத்தார். அது எவ்வளவு சலிப்பாக இருந்ததென்றால், இனி ஆயுசுக்கும் நிலவியல் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று டார்வின் முடிவு கட்டிவிட்டார். பாடத்தின் மேல் பிள்ளைகளுக்கு வெறுப்பு வருவது எப்போதும் பாடத்தால் மட்டும் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. வாத்தியார்கள் மன்னிக்கவும்.

டாக்டர் படிப்பு சரிப்படவில்லை, பாதிரியாராகவாவது ஆகட்டும் என்று 1828-ல் கேம்பிரிட்ஜில் சேர்த்தார்கள். அங்கே வண்டு பிடிப்பதுதான் டார்வினுக்கு முழுநேர வேலை. ஆனால் தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோ இவரிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார். தினமும் இவரோடு நடந்து நடந்து மற்ற பேராசிரியர்கள் இவரை ஹென்ஸ்லோவுடன் நடக்கும் பையன் என்றே அடையாளம் சொன்னார்கள். அந்த ஹென்ஸ்லோவின் தூண்டுதலால்தான் 1831 ஆகஸ்டில் செட்ஜ்விக் என்ற நிலவியல் பேராசிரியரோடு வேல்ஸ் மலைப்பகுதிக்குப் போனார். பாறைச் சரிவை அளப்பது, அடுக்குகளை வரிசைப்படுத்துவது, மேப்பில் குறிப்பது எல்லாம் சில வாரத்தில் கைக்கு வந்தது. புத்தகத்தில் வராதது ஃபீல்டில் வந்தது.

வீட்டுக்குத் திரும்பினால் ஒரு கடிதம் காத்திருந்தது. பீகிள் என்ற அரசாங்கக் கப்பல் தென் அமெரிக்கக் கடற்கரையை சர்வே செய்யப் போகிறது, கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்கு இயற்கை அறிவியல் தெரிந்த ஒரு துணை வேண்டும், வருகிறாயா என்று. சம்பளம் கிடையாது, செலவு நம்முடையது. அப்பா ஒரே பேச்சில் முடியாது என்றுவிட்டார். ஆனால் புத்தியுள்ள ஒருத்தராவது போகச் சொன்னால் சம்மதிக்கிறேன் என்று ஒரு சந்து விட்டு வைத்தார். டார்வின் நேராகத் தாய்மாமன் ஜோசயா வெட்ஜ்வுட்டிடம் ஓடினார். மாமன் வந்து பேசி அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். நம்ம ஊர் என்ன, இங்கிலாந்து என்ன, தாய்மாமன் பேச்சுக்கு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஐந்து வருடம் சம்பளமில்லாமல் ஊர் சுற்ற அப்பா காசு இருந்தது, அதனால் முடிந்தது. அதே வயதில் அதே மூளையோடு எத்தனை பேர் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாமல் போயிருப்பார்கள்!

கேப்டன் ஃபிட்ஸ்ராய்க்கும் அப்போது 26 வயதுதான். முகஜாடையை வைத்து குணம் சொல்லும் நம்பிக்கை உள்ளவர். டார்வினுடைய மூக்கைப் பார்த்து, இந்த மூக்குக்காரனுக்குக் கடல் பயணத்துக்கு வேண்டிய உறுதி இருக்காது என்று தயங்கினாராம். எப்படியோ 1831 டிசம்பர் 27-ஆம் தேதி பீகிள் கிளம்பியது. கிளம்பிய நாளிலிருந்து வாந்தி. ஐந்து வருடமும் அந்தக் கடல் நோய் அவரை விடவில்லை. அதனாலேயே தரை கிடைத்தால் போதும் என்று இறங்கி, வாரக்கணக்கில் குதிரையில் உள்நாட்டில் சுற்றினார்.

கிளம்பும்போது ஃபிட்ஸ்ராய் அவருக்கு ஒரு புத்தகம் பரிசாகக் கொடுத்தார். சார்லஸ் லயல் எழுதிய நிலவியல் தத்துவங்கள் என்ற நூலின் முதல் பாகம். பூமி என்பது ஒரே நாளில் பெரும் பிரளயங்களால் உண்டானது அல்ல, இன்று நம் கண் முன்னால் நடக்கும் மழை, ஆறு, எரிமலை, பூகம்பம் இவையே எண்ணிலடங்காத காலம் வேலை செய்து மலையையும் பள்ளத்தையும் உண்டாக்கின என்பது லயலின் வாதம். இந்தப் புத்தகத்தைப் படி, ஆனால் அதிலுள்ளதை நம்பாதே என்று ஹென்ஸ்லோ சொல்லி அனுப்பியிருந்தார். பையன் படித்தான், நம்பியும் விட்டான். 1832 ஜனவரியில் ஆப்பிரிக்காவுக்கு அப்பால் கேப் வெர்டே தீவுகளில் முதலில் இறங்கியபோதே, கடல் மட்டத்துக்கு 45 அடி மேலே பாறைச் சுவரில் வெள்ளைக் கோடு மாதிரி ஒரு கிளிஞ்சல் அடுக்கு ஓடுவதைப் பார்த்தார். கடலடியில் இருந்தது மேலே வந்திருக்கிறது, அதுவும் முறியாமல் சீராக வந்திருக்கிறது. லயல் சொன்னது சரி என்று அங்கேயே தீர்மானித்து, நிலவியல் பற்றி நாமே ஒரு புத்தகம் எழுதலாம் போலிருக்கிறதே என்று ஒரு எரிமலைப் பாறைக்குக் கீழே உட்கார்ந்து சந்தோஷப்பட்டார். எடின்பரோவில் எடுத்த சபதம் அதோடு போச்சு.

மூன்று வருடம் கழித்து அந்த நாள் வந்தது. 1835 பிப்ரவரி 20. கப்பல் சிலியின் தெற்கில் வால்டிவியா துறைமுகத்தில் நின்றது. டார்வின் கரையில் ஒரு காட்டில் களைப்பாற மல்லாந்து படுத்திருந்தார். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் தரை ஆட ஆரம்பித்தது. இரண்டு நிமிடம்தான், ஆனால் அதைவிட வெகுநேரம் போலத் தோன்றியது. எழுந்து நிற்க முடிந்தது, ஆனால் தலை சுற்றியது, காலுக்குக் கீழே மெல்லிய பனிக்கட்டி வளைந்து கொடுப்பது போன்ற உணர்வு. உறுதிக்கே உதாரணமாகச் சொல்லப்படும் பூமி, திரவத்தின் மேல் மிதக்கும் ஒரு பொருக்கு மாதிரி அசைகிறது. ஆயுசு முழுக்க இருந்த ஒரு நம்பிக்கை ஒரு நொடியில் ஆட்டம் கண்டுவிட்டது. ஊருக்குள் போய்ப் பார்த்தால் ஜனங்கள் முகத்தில் பேயறைந்த மாதிரி. வால்டிவியா மரவீடுகள் உள்ள ஊர். வீடுகள் கிறீச்சிட்டு ஆடினவே தவிர விழவில்லை.

விழுந்தது வடக்கே இருந்த கான்செப்சியான் நகரம். மார்ச் 4-ஆம் தேதி கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தபோது, டால்காவானோ துறைமுகத்திலும் கான்செப்சியானிலும் குடியிருக்கும்படியாக ஒரு வீடு மிச்சமில்லை, எழுபது கிராமங்கள் அழிந்தன என்று சேதி சொன்னார்கள். கடற்கரை முழுக்க மேசை, நாற்காலி, அலமாரி, வீட்டுக் கூரைகள், பிய்ந்த பஞ்சு மூட்டைகள். ஆயிரம் கப்பல் உடைந்து ஒதுங்கிய மாதிரி இருந்தது. பூகம்பம் பாதி, பின்னால் வந்த கடல் மீதி. இன்று நாம் சுனாமி என்கிறோமே, அதுதான். வளைகுடாவின் கோடியில் அலை மிகப்பெரிய ஓத மட்டத்துக்கும் மேலே 23 அடி உயரம் ஏறி வந்திருக்கிறது. அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பெரிய அலைகள். கோட்டையில் இருந்த நாலு டன் பீரங்கியை வண்டியோடு 15 அடி உள்ளே தள்ளிவிட்டது. ஒரு பாய்மரக் கப்பல் கரையிலிருந்து 200 கஜம் தள்ளி இடிபாட்டு நடுவில் உட்கார்ந்திருந்தது. ஒரு கிழவி நாலைந்து வயதுப் பையனோடு படகில் ஏறித் தப்பப் பார்த்திருக்கிறாள். துடுப்புப் போட ஆளில்லை. படகு ஒரு நங்கூரத்தில் மோதி இரண்டாகப் பிளந்தது. கிழவி மூழ்கிப் போனாள். உடைந்த பலகையைப் பிடித்தபடி மிதந்த பையனைச் சில மணி நேரம் கழித்து மீட்டார்கள். டார்வின் போன சமயம் இடிந்த வீடுகளுக்கு நடுவே தேங்கிய உப்புத்தண்ணீரில் பிள்ளைகள் உடைந்த மேசை நாற்காலியைப் படகாக்கி விளையாடிக்கொண்டிருந்தார்களாம். பெரியவர்கள் அழுதுகொண்டிருக்க, பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு விளையாட்டு.

இவ்வளவு அழிவிலும் செத்தவர்கள் நூறு பேருக்குள்தான் என்று டார்வினுக்குச் சொன்னார்கள். காரணம் ஆச்சரியமானது. லேசாகத் தரை ஆடினாலே வாசலுக்கு ஓடிவிடுவது அந்த ஊர் ஜனங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். டால்காவானோவில் பூகம்பம் நின்றதும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் குன்றின் மேல் ஏறிவிட்டார்கள். 1751-ல் ஒரு பூகம்பமும் கடலும் சேர்ந்து பழைய கான்செப்சியானை அழித்து, ஊரையே உள்ளே தள்ளிக் கட்ட வேண்டி வந்தது. தாத்தா பாட்டி சொன்ன அந்தக் கதைதான் பேரப்பிள்ளைகளைக் காப்பாற்றியது.

சிவில் படிக்கும் நமக்கு மட்டும் ஒரு சங்கதி. கான்செப்சியான் தெருக்கள் கட்டம் போட்ட மாதிரி ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்தவை. ஒரு திசையில் ஓடிய சுவர்கள் அதிகம் விழுந்தன, அதற்குக் குறுக்குத் திசையில் ஓடியவை விரிசலோடு தப்பின. அதிர்வு தென்மேற்கிலிருந்து வந்திருக்கிறது, அது வரும் திசைக்கு முனையைக் காட்டிய சுவர் நின்றது, விலாவைக் காட்டிய சுவர் விழுந்தது என்று டார்வின் கணக்குப் போட்டார். பெரிய தேவாலயத்தில் நின்ற சுவரை ஒட்டிய தாங்குசுவர்கள், உளி வைத்துச் செதுக்கி எடுத்த மாதிரி தனியே வெட்டுப்பட்டு விழுந்திருந்தன. இவர் ஒரு நாள் ஸ்ட்ரக்சர் வகுப்பில் உட்கார்ந்தவர் இல்லை!

இனி விஷயத்துக்கு வருவோம். வளைகுடாவைச் சுற்றித் தரை இரண்டு மூன்று அடி உயர்ந்திருந்தது. ஆனால் அலை அடித்துக் கரையின் பழைய அடையாளங்களை அழித்துவிட்டதால் இதைச் சரியாக நிரூபிப்பது கஷ்டம். நிரூபணம் முப்பது மைல் தள்ளி சாண்டா மரியா தீவில் கிடைத்தது. டார்வின் மலைக்குப் போன நேரத்தில் கேப்டன் ஃபிட்ஸ்ராய் அங்கே போய் அளந்தார். சர்வே பிராக்டிகலில் நாம் பெஞ்ச் மார்க் தேடுகிறோம் இல்லையா, அங்கே பெஞ்ச் மார்க் மட்டிகள்தான். பாறையில் ஒட்டி வாழும் மட்டி எந்த நீர்மட்டம் வரை வாழும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்கு மேலே தண்ணீர் எட்டாது, மட்டியும் இருக்காது. ஃபிட்ஸ்ராய் பார்த்தபோது ஒட்டிய மட்டிகள் ஒட்டியபடியே செத்து அழுகி நாறிக்கொண்டிருந்தன, உயர்ந்த ஓத மட்டத்துக்கும் பத்தடி மேலே. அதே மட்டிகளைத்தான் முன்பு தீவு ஜனங்கள் கடல் நன்றாக வற்றும் நாளிலும் முங்கி எடுத்து வந்தார்கள். தீவின் தெற்கில் 8 அடி, நடுவில் 9 அடி, வடக்கில் 10 அடி என்று அளவு கிடைத்தது. அதாவது தீவு சமமாக எழும்பவில்லை, ஒரு பக்கம் சாய்ந்து எழும்பியிருக்கிறது.

பூகம்பத்தில் தரை உயரும் என்று அதற்கு முன் யாரும் சொல்லவில்லையா? சொன்னார், ஒரு பெண். 1822-ல் வால்பரைசோவில் பெரிய பூகம்பம் வந்தபோது மரியா கிரஹாம் என்ற ஆங்கிலப் பெண்மணி அங்கே இருந்தார். கப்பல் கேப்டனான கணவர் பயண வழியிலேயே இறந்து, தனியாக அந்நிய நாட்டில் இருந்தவர். கரை மேலெழும்பியதையும் சிப்பிகள் பாறையோடு காய்ந்ததையும் பார்த்து எழுதினார், லண்டன் நிலவியல் சங்கம் 1824-ல் அதை வெளியிட்டது. பத்து வருடம் கழித்து அதே சங்கத்தின் தலைவர் கிரீனோ, இந்த அம்மா சொல்வதை ஏற்பதற்கில்லை என்று பகிரங்கமாக மறுத்தார். அந்த அம்மாவும் விடாமல் பதிலடி கொடுத்தார். படித்த ஆண்கள் சங்கத்தில் அவர் சொல் எடுபடாமல் இருந்த நேரத்தில்தான் 1835 மட்டிகள் அவருக்குச் சாட்சி சொல்ல வந்தன.

சரி, ஒரு பூகம்பத்துக்குப் பத்தடி. அதற்கு முன்? யாரும் எழுதி வைக்காத காலத்தில்? இங்கேதான் டார்வின் மற்றவர்களை விட்டு ஒரு படி மேலே போகிறார். வால்பரைசோ பக்கத்துக் குன்றுகளில் 1300 அடி உயரம் வரை கிளிஞ்சல்களைக் கண்டார். அவற்றில் கீழே இன்றும் கடலில் உயிரோடு இருக்கும் வகைகள் உண்டு. இதை மனிதன் தின்றுவிட்டுப் போட்டிருக்கலாமே, பறவை தூக்கி வந்திருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். அதனால் கிளிஞ்சலோடு கிடந்த செங்கருப்பு மண்ணை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். தோட்டத்து மண் மாதிரி தெரிந்தது உண்மையில் கடல் சேறு, நுண்ணுயிர்களின் துணுக்குகள் நிறைந்த சேறு. பறவை சேற்றைத் தூக்கி வருமா? ஆகவே மேலே கிடந்த ஒவ்வொரு கிளிஞ்சலும் பழைய கடற்கரை ஒன்றின் அடையாளம். வடக்கே கோக்விம்போவில் அந்தப் பழைய கரைகள் மாடிப்படி மாதிரி ஒன்றுக்கு மேல் ஒன்றாக நின்றன. 1835-ல் பத்தடி, அதற்கு முன் சில அடி, அதற்கும் முன் சில அடி, நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்ல ஒரு ஏற்றம். இப்படித்தான் 1300 அடி வந்தது என்றார். ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது 13,000 அடிக்கும் மேலே கல்லாகிப்போன கடல் சிப்பிகளைப் பார்த்தார். உஸ்பல்லட்டா பக்கம் கல்லாய்ச் சமைந்த மரங்கள் நின்றன. ஒரு காலத்தில் கடலோரம் வளர்ந்த மரம், கடலுக்குள் அமிழ்ந்து, மறுபடி மலை உச்சிக்கு வந்திருக்கிறது. தரை ஏறும், இறங்கும், மீண்டும் ஏறும்.

1835 ஜூலையில் பெரு நாட்டில் லிமா நகரம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, ஆனால் டார்வின் பற்றிய கட்டுரைகளில் இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. காயாவ் துறைமுகத்துக்கு எதிரே சான் லோரன்சோ தீவில் 85 அடி உயரத்தில் கிளிஞ்சல்களோடு சேர்ந்து ஒரு பருத்தி நூல், கோரையில் முடைந்த ஒரு துண்டு, ஒரு சோளக்கதிரின் தண்டு அவருக்குக் கிடைத்தன. எதிர்க்கரைச் சமவெளியிலும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் ஒரு மண் அடுக்கு. அதில் கடல் கிளிஞ்சல்களும் பழைய செவ்விந்தியர்களின் சிவப்பு மண்பாண்டத் துண்டுகளும் கலந்து கிடந்தன. முதலில் இது கடலுக்கடியில் படிந்தது என்றே நினைத்தார். ஆனால் ஒரு இடத்தில் அந்த அடுக்குக்கு அடியில் உருண்டைக் கற்களை மனிதர் பரப்பிய தரை இருந்தது. மனிதர் தளம் போட்ட இடம் கடலடியாக இருந்திருக்க முடியாது. யோசித்தார். அந்தக் காலத்தில் இது கடலோரத் தாழ்ந்த வெளியாக இருந்திருக்க வேண்டும். குயவர்கள் இங்கே சூளை போட்டுப் பானை செய்திருப்பார்கள். ஏதோ ஒரு பெரும் பூகம்பத்தில் கடல் கரையை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, சூளையில் கிடந்த ஓடுகளையும் கடல் கிளிஞ்சலையும் ஒரே சேற்றில் குழைத்துப் படிய விட்டுப் போயிருக்கும். 1746-ல் இதே காயாவ் துறைமுகத்தைக் கடல் வந்து அழித்ததே, அது மாதிரி. யாரும் பார்த்து எழுதாத ஒரு சுனாமியை வெறும் ஒரு கை சேற்றிலிருந்து ஒரு மனிதன் ஊகித்த கதை இது. சுனாமி என்ற சொல்லே அன்று ஆங்கிலத்தில் புழக்கத்தில் இல்லை!

1836 அக்டோபர் 2-ஆம் தேதி கப்பல் இங்கிலாந்து திரும்பியது. மூன்றே மாதத்தில், 1837 ஜனவரி 4 அன்று, சிலிக் கரை உயர்ந்ததற்கான சான்றுகளை நிலவியல் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தார். மரியா கிரஹாம் சொன்னது நின்றது. லயலின் சந்தோஷத்தைச் சொல்லவே வேண்டாம். அடுத்த வருடம் டார்வின் அந்தச் சங்கத்துக்கே செயலாளர். பவளத் தீவுகள் 1842, எரிமலைத் தீவுகள் 1844, தென் அமெரிக்க நிலவியல் 1846 என்று மூன்று நிலவியல் புத்தகங்கள். பரிணாமப் புத்தகம் வருவதற்குப் பல வருடம் முன்பே அவர் பேர் பெற்ற நிலவியல் அறிஞர் ஆகிவிட்டார். சிலியில் பூகம்பம் நடந்த அதே சமயம் எரிமலைகளும் விழித்ததை வைத்து, கண்டத்துக்கு அடியில் உருகிய பாறைக் கடல் இருக்கிறது, மலை எழுவதும் எரிமலை கக்குவதும் பூகம்பமும் ஒரே விசையின் வேலை என்றார். மூன்றையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது சரி. விசை எது என்பது அவருக்குப் பிடிபடவில்லை. கடலடித் தட்டு ஒன்று தென் அமெரிக்காவுக்கு அடியில் வருடம் சில சென்டிமீட்டர் நுழைந்துகொண்டே இருக்கிறது என்று தெரிய 1960-கள் வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லாக் கரையும் சிலிக் கரை இல்லை என்பதற்கும் டார்வின் வாழ்க்கையிலேயே பாடம் உண்டு. ஸ்காட்லாந்தில் கிளென் ராய் பள்ளத்தாக்கில் மலைச்சரிவில் ரோடு போட்ட மாதிரி இணையான கோடுகள் ஓடுகின்றன. 1838-ல் போய்ப் பார்த்த டார்வின், கோக்விம்போ படிகளை மனதில் வைத்துக்கொண்டு, இவையும் உயர்ந்த கடற்கரைகளே என்று எழுதிவிட்டார். ஒரு கிளிஞ்சல்கூட அங்கே கிடைக்கவில்லை! அவை பனியாறு அடைத்து உண்டான பழைய ஏரியின் கரைகள் என்று அகாசிஸ் என்பவர் 1840-ல் சொன்னார். டார்வின் இருபது வருடம் பிடிவாதம் பிடித்து, 1861 வாக்கில்தான் தன் கட்டுரை பெரும் தவறு என்று ஒப்புக்கொண்டார். கிளிஞ்சலை நம்பிய இடத்தில் ஜெயித்தார், கிளிஞ்சல் இல்லாமல் ஊகித்த இடத்தில் தோற்றார்.

1839-ல் தாய்மாமன் மகள் எம்மாவையே மணந்தார். முறைப்பெண்தான்! 1842-ல் கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்துக்குக் குடிபோய், சாகும் வரை அங்கேயே இருந்தார். ஆண்டிஸில் குதிரையில் திரிந்த மனிதர் பாதி நாள் படுக்கையில். என்ன நோய் என்று டாக்டர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பத்துப் பிள்ளைகளில் மூன்று சிறு வயதில் போய்விட்டன. 1851-ல் பத்து வயது ஆனி இறந்தது அவரை உடைத்துப் போட்டது. உயிரினங்களின் தோற்றம் 1859 நவம்பர் 24-ல் வெளிவந்தது. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றம், தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து புது உயிரினம் ஆகிறது என்ற யோசனை, சிலிக் கரையில் அடி அடியாகச் சேர்ந்து மலையான அதே கணக்குதான். அதே வருடம் நிலவியல் சங்கம் தன் மிக உயர்ந்த வொல்லாஸ்டன் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது, குரங்குக்காக அல்ல, கல்லுக்காக.

கூட இருந்தவர்களையும் நினைக்க வேண்டும். சிம்ஸ் கவிங்டன் என்ற கப்பல் பையன், டார்வினுக்கு உதவியாளாகி, பல இடங்களில் உடன் அலைந்து சுமந்தவன். பிறகு ஆஸ்திரேலியா போய் போஸ்ட் மாஸ்டர் ஆனார், அங்கிருந்தும் பழைய முதலாளிக்குக் கொட்டலசுகளைப் பொறுக்கி அனுப்பினார். அவருடைய பெயர் டார்வினின் பயணப் புத்தகத்தில் தேடினாலும் கிடைப்பது அரிது. ஃபிட்ஸ்ராய் கதை அதைவிட வருத்தம். பத்தடி அளந்து கொடுத்த அதே மனிதர் பின்னாளில் பரிணாமத்தைக் கடுமையாக எதிர்த்தார். கடலோடிகளுக்குப் புயல் எச்சரிக்கை கொடுக்கும் முறையை இங்கிலாந்தில் ஆரம்பித்து வைத்ததும் அவரே. கணிப்பு தவறியபோதெல்லாம் கேலிக்கு ஆளாகி, கடனிலும் மனச்சோர்விலும் 1865-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். டார்வின் 1882 ஏப்ரல் 19-ஆம் தேதி இறந்தார். பாதிரியாராகாமல் போனவரை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

சிலிக் கரை அவரோடு ஓய்ந்துவிடவில்லை. 1960 மே 22-ல், டார்வின் மல்லாந்து படுத்திருந்த அதே வால்டிவியா பக்கம், கருவிகள் பதிவு செய்தவற்றிலேயே மிகப்பெரிய பூகம்பம் வந்தது, அளவு 9.5. அங்கே கரை சில இடங்களில் உயராமல் அமிழ்ந்தது. பின்னர் மாவுலின் ஆற்று முகத்தில் விஞ்ஞானிகள் குழி வெட்டிப் பார்த்தார்கள். பழைய புல்தரை மண், அதன் மேல் கடல் கொண்டுவந்த மணல் ஒரு படுகை, அதன் மேல் சேறு. மறுபடி புல்தரை, மணல், சேறு. சுவரில் இப்படி அடுக்கடுக்காகத் தெரிந்தது. ஒவ்வொரு மணல் படுகையும் ஒரு சுனாமி. அதில் கரித்துணுக்கையும் செடித்துணுக்கையும் எடுத்துக் கார்பன் முறையில் வயது பார்த்தால், சராசரியாக முந்நூறு வருடத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் பெரும் பூகம்பங்கள் வந்து போயிருக்கின்றன. 1737-லும் 1837-லும் வந்த பூகம்பங்கள் அங்கே குறிப்பாக ஒன்றும் விட்டுப் போகவில்லை, 1575-ல் வந்தது விட்டுப் போயிருக்கிறது என்று 2005-ல் எழுதினார்கள். நம்ம கடற்கரையை 2004 டிசம்பர் 26-ல் அழித்த சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தின் ஃப்ரா தோங் தீவிலும் இதே மாதிரி தோண்டினார்கள். 2004 மணலுக்குக் கீழே இன்னொரு மணல் படுகை, வயது ஏறக்குறைய அறுநூறு வருடம். நாகப்பட்டினத்திலோ கடலூரிலோ அதைப் பற்றிச் சொல்ல ஒரு பாட்டியும் இருக்க வழியில்லை, கான்செப்சியான் ஜனங்களுக்கு இருந்தது மாதிரி. மணல் மட்டும் வைத்திருந்தது.

2010 பிப்ரவரி 27-ல் கான்செப்சியான் பகுதியில் 8.8 அளவில் மறுபடி பூகம்பம், மறுபடி சுனாமி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். சாண்டா மரியா தீவு மறுபடி மேலே வந்தது. பாறையோடு ஒட்டிய பாசிகள் வெயிலில் காய்ந்து வெள்ளைப் பட்டை போட, விஞ்ஞானிகள் அதையே பெஞ்ச் மார்க் ஆக்கி அளந்தார்கள். ஏறக்குறைய இரண்டு மீட்டர். ஃபிட்ஸ்ராய் காலத்து வரைபடங்களையும் ஆழக் கணக்குகளையும் எடுத்து ஒப்பிட்டபோதுதான் நடுவில் நடந்தது தெரிந்தது. 1835-ல் எழும்பிய தீவு, இடைப்பட்ட 175 வருடத்தில் ஒரு மீட்டருக்கும் மேல் சத்தமில்லாமல் கீழே இறங்கியிருந்தது. இரண்டு பூகம்பங்களுக்கு நடுவிலும் தரை மெல்ல ஏறும் என்பது டார்வின் எண்ணம். இங்கே அது மெல்ல அமிழ்ந்திருக்கிறது. அப்படியானால் ஒவ்வொரு பூகம்பத்திலும் ஏறியதில் ஒரு சிறு பங்குதான் நிலைத்து நிற்கிறது. வால்பரைசோக் குன்றின் கிளிஞ்சல்கள் 1300 அடி ஏறுவதற்கு எத்தனை பூகம்பம் வந்து போயிருக்க வேண்டும் என்ற கணக்கு, டார்வின் போட்டதைவிடப் பெரிய கணக்கு.